ஆம்பளைக்கும் மார்பு உண்டு

போன மாதம் சரண்யா போன் செய்தார். நான் ஓய்வு பெற்றபோது காலியான சுகாதார ஆய்வாளர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

“சார், பீங்கான் கம்பெனிங்கள்ல ஆம்பளைங்களுக்கு மார்பகப் புற்றுநோயைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் வாயைத் தொறந்ததுமே சிரிக்கிறாங்க. நீங்க எப்பிடி சார் சமாளிச்சீங்க?”

“சமாளிக்கலம்மா. என்னையும் பாத்து சிரிச்சாங்க.”

“அப்புறம்?”

அப்புறம் நடந்தது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் மனைவிக்கும் அதில் சந்தோஷம். நான் வீட்டில் தண்ணீர்த் தொட்டிகளைத் திறந்து திறந்து பார்ப்பது சில நாளைக்காவது நிற்குமல்லவா?

என் உத்தியோகத்தில் பெரும்பகுதி அப்படித் தொட்டிகளைத் திறந்து பார்ப்பதிலேயே போனது. கம்மாபுரம் பக்கத்துக் கிராமங்களில் கிணற்றுக்குக் குளோரின் போட்டேன். எங்கள் மாவட்டத்து மங்களூர் பக்கம் நாய்க்கடிக்காரர்களை விரட்டிப் பிடித்து ஊசி போட வைத்தேன். கடைசியில் விருத்தாசலத்துக்கு மாற்றலாகி வந்தேன். பயிற்சியில் எனக்குக் கொசுவின் வகைகளைச் சொல்லித் தந்தார்கள், மலேரியா ரத்தம் எடுக்கச் சொல்லித் தந்தார்கள். மார்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது நர்சம்மாக்களின் பாடம். அவர்கள் பெண்களைக் கூட்டி வைத்து அதைப் பேசும்போது நாங்கள் மரியாதையாக வெளியே வந்து டீ குடிப்போம்.

இந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியவர் டாக்டர் ஸ்டெல்லா. வட்டார மருத்துவ அலுவலராக வந்தவர். குள்ளமான உருவம், மெல்லிய குரல். குடித்துவிட்டு வந்து சண்டை போடுகிறவனைக்கூட “உக்காருங்க” என்றுதான் சொல்வார். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நாம் ஏதாவது புளுகினால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பிப்பார். துடைப்பார், துடைப்பார், துடைத்துக்கொண்டே இருப்பார். இரண்டு நிமிடத்துக்கு மேல் அதைத் தாங்கியவர்கள் எங்கள் ஆபீசில் கிடையாது. உண்மை தானாகவே வாயிலிருந்து விழுந்துவிடும்.

ஒரு நாள் காலையில் என்னையும் மருந்தாளுநரையும் ஜீப் டிரைவரையும் ஊசி போடும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் மூன்று பஞ்சுத் துண்டுகள், துணி போட்டுத் தைத்தவை.

“உள்ள காய்ஞ்ச பட்டாணி இருக்குது. கண்டுபிடிங்க” என்றார்.

டிரைவர் ஒரே தடவலில் கண்டுபிடித்துவிட்டார். மருந்தாளுநர் தன் பஞ்சில் மூன்று பட்டாணி இருப்பதாகச் சொன்னார். இருந்தது ஒன்றுதான். நான் ரொம்ப நேரம் தடவி, ஒரு நீளமான கட்டி இருப்பதாக அறிக்கை கொடுத்தேன். அது தையல்.

“விரல் நுனியால குத்தாதீங்க. நடுவுல இருக்கிற மூணு விரலைச் சேத்து, அதோட சதைப் பகுதியால தடவுங்க. சின்னச் சின்ன வட்டமா சுத்துங்க. முதல்ல லேசா, அப்புறம் கொஞ்சம் அழுத்தி, அப்புறம் நல்லா அழுத்தி. வாய் சொல்லக் கூடாது, கை சொல்லணும்” என்றார்.

பட்டாணி கைக்கு வசப்பட்டதும் கண்ணாடி முன்னால் நிறுத்திவிட்டு அவர் வெளியே போனார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் சொல்லச் சொல்ல நாங்கள் மூவரும் சட்டையைக் கழற்றிவிட்டுச் செய்தோம். முதலில் கையைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, காம்பு உள்ளே இழுத்திருக்கிறதா, தோல் சுருங்கியோ குழி விழுந்தோ புண்ணாகியோ இருக்கிறதா? பிறகு இரண்டு கையையும் தூக்கிப் பார்க்க வேண்டும். பிறகு இடது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையால் இடது பக்கம். காம்புக்கு அடியில் ஆரம்பித்து வெளியே வர வேண்டும், அக்குளை விட்டுவிடக் கூடாது. காம்பை லேசாக அழுத்தி நீரோ ரத்தமோ வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் பக்கம் மாற்றி இதே. குளித்து முடித்த கையோடு செய்தால் சுலபம்.

“டாக்டர், எனக்கு ரெண்டு பக்கமுமே கொழகொழன்னு இருக்குது” என்று மருந்தாளுநர் சுவரைப் பார்த்துக் கத்தினார்.

“அது நீங்க சாப்பிடற போண்டா” என்றது சுவர். “ஆனா கெட்டியா, அசையாம ஒண்ணு தட்டுப்பட்டா வலி இல்லியேன்னு விட்டுடாதீங்க. வலிக்காததுதான் மோசம்.”

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. “டாக்டர், ஆம்பளைங்களுக்கு இது வருமா?” என்றேன்.

“அபூர்வமாத்தான் வரும். ஆனா வரும். ஆம்பளைக்கும் மார்பு உண்டுங்க. வராதுன்னு நெனைக்கிறதாலதான் லேட்டா வராங்க.”

அந்த வாரமே ஒரு பீங்கான் கம்பெனிக்கு என்னை அனுப்பினார். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். மோல்டு ஊற்றுகிறவர்கள், சூளையில் அடுக்குகிறவர்கள், பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிறவர்கள் எல்லாரும் வெள்ளை மண் அப்பிய கையோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் பஞ்சையும் பட்டாணியையும் வெளியே எடுத்தேன். “ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய்” என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான்.

முதல் வரிசையில் ஒரு ஆள் எழுந்தார். ஆறடி உயரம், காதுவரை ஏறிய மீசை.

“சார், இதுக்கு இன்னிக்கு வந்தீங்க. அடுத்த வாரம் எங்களுக்குப் பிரசவம் பாக்க வருவீங்களா?”

கூரைத் தகடு அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பட்டாணியை யாரோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்கள்.

அந்த மீசைக்காரர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர். வைத்திலிங்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டபோது, “பேரை மட்டும் மாத்திக்குங்க சார். மத்ததெல்லாம் அப்பிடியே எழுதுங்க. எவனாவது ஒருத்தன் படிச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போவட்டும்” என்றார்.

கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. காய்ந்த கப்பையும் பொம்மையையும் சூளைக்குப் போகுமுன் கையில் வாங்கி, விரலால் ஒரு சுற்றுத் தடவுவார். கண்ணுக்குத் தெரியாத மேடும் முடி அளவு விரிசலும் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும் என்பார்கள்.

கூட்டம் முடிந்த நாலாம் நாள் அவர் என் ஆபீசுக்கு வந்தார். கம்பெனித் தொட்டியில் கொசுப்புழு என்றார். சரி, வந்து பார்க்கிறேன் என்றேன். அவர் கிளம்பவில்லை. சுவரில் இருந்த டெங்கு படத்தை முழுக்கப் படித்தார். பிறகு குரலை இறக்கினார்.

“சார், அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்களே. என் சொந்தக்காரர் ஒருத்தருக்கு அந்த மாதிரி இருக்குதாம்.”

“கூட்டிட்டு வாங்க.”

“அவரு வெளியூரு.”

“எந்தப் பக்கம் இருக்குதாம்?”

“இந்தப் பக்கம்” என்று தன் இடது மார்பில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கத் தெரியாமல் அப்படியே நின்றார்.

டாக்டர் ஸ்டெல்லாவின் அறைக்கு அழைத்துப் போனேன். சொந்தக்காரர் கதையை அவரிடமும் சொன்னார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஒரு நிமிடம் போனது.

“உங்க சொந்தக்காரரைக் கொஞ்சம் சட்டையைக் கழட்டச் சொல்லுங்க” என்றார்.

வைத்திலிங்கம் கழற்றினார்.

காம்பு உள்ளே இழுத்திருந்தது. அதற்கு அடியில் நெல்லிக்கொட்டை அளவில் கெட்டியாக ஒன்று. பனியனில் காய்ந்த ரத்தக் கறை. ஒரு வருடமாக இருக்கிறதாம். சூளைத் தட்டு உராய்ந்த காயம் என்று மனைவி செல்வியிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

“ஊரு கப்பையெல்லாம் தடவிப் பாக்கறீங்க. இது தெரியலியா?” என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் விழுந்துவிட்டது.

“தெரிஞ்சுது சார். தெரிஞ்சதாலதான் தொடல.”

பரிசோதனைக்கு வேறு ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம். நான், அவர், செல்வி மூவரும் பஸ்ஸில் போனோம். படம் எடுக்கும் கூடத்தில் பெண்கள் மட்டும். காவல்கார அம்மா எங்களைப் பார்த்ததும், “ஆம்பளைங்கல்லாம் வெளிய நில்லுங்க” என்றார். வைத்திலிங்கத்துக்கு இதைவிட நல்ல சேதி இல்லை. அவர் நேராக வாசல் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள். செல்வி சீட்டை நீட்டினார். பதில் பேசுவதற்குள் கையில் ஒரு அங்கியைக் கொடுத்து மாற்றிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார்கள்.

“எனக்கில்லீங்க, எங்க வூட்டுக்காரருக்கு.”

“அவரு எதுக்கும்மா? அவரு வெளிய இருக்கட்டும்.”

“வெளியதாங்க இருக்காரு. அவரைத்தான் படம் எடுக்கணும்.”

படம் எடுக்கும் பெண் எட்டிப் பார்த்தார். தூணுக்கு இரண்டு பக்கமும் மீசை மட்டும் தெரிந்தது. அந்தப் பெண்ணை நான் மறக்க மாட்டேன். சிரிக்கவில்லை. “அண்ணே, வாங்க, அஞ்சு நிமிசந்தான்” என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனார். வெளியே வந்த வைத்திலிங்கம் நெஞ்சைத் தடவிக்கொண்டு, “சார், ரெண்டு தகட்டுக்கு நடுவுல வச்சு அமுக்குறாங்க. நம்ம கம்பெனி பிரஸ்ஸே தேவல” என்றார்.

ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். புற்றுநோய்தான் என்று முடிவு வந்தது. டாக்டர் ஸ்டெல்லா அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட வேண்டும், அப்புறம் சில மாதம் ஊசி மருந்து, அப்புறம் சில வருடம் மாத்திரை. வைத்திலிங்கம் கேட்டுக்கொண்டார். அழவில்லை. வாசல்வரை வந்து, என்னிடம் மட்டும் கேட்டார்.

“சார், மீசை கொட்டிடுமா?”

“கொட்டும். திரும்ப மொளைக்கும்.”

“உசுரு?”

எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். “இப்ப வந்துட்டீங்கள்ல, பாத்துக்கலாம்.” அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவர் வீடு திரும்பி ஒரு வாரம் கழித்துப் பாலக்கரை டீக்கடையில் ஒரு சேதி கேட்டேன். வைத்திலிங்கத்தை நல்லூரில் மாடு முட்டிவிட்டதாம். மச்சான் வீட்டு மாடாம். நெஞ்சிலேயே கொம்பை இறக்கிவிட்டதாம்.

அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கட்டுப் போட்ட நெஞ்சோடு அவர்.

“கொம்பு ரெண்டையும் இப்பிடிப் புடிச்சிட்டேன். ஆனா அதுக்கு பலம் ஜாஸ்தி” என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். பார்வையில் கெஞ்சல் இருந்தது.

நோயாளி சொல்லாததை நாம் சொல்லக் கூடாது. அது எங்கள் தொழிலின் முதல் சட்டம். அந்தச் சட்டத்தின்படி நான் உட்கார்ந்து மாட்டுக் கதையை முழுக்கக் கேட்டேன். நடுவில் ஒருவர், “மாடு என்னா நெறம்?” என்று கேட்டார். “கறுப்பு” என்றார் இவர். அடுத்த முறை நான் போனபோது அது காங்கேயமாகிவிட்டது. மருந்தில் மீசை கொட்டியதும் முருகனுக்கு வேண்டுதல் என்றார். மாடு முட்டியும் பிழைத்தவன் மீசையைக் காணிக்கை கொடுத்தான் என்று ஊரில் அவர் மதிப்பு இன்னும் ஏறியது. மாத்திரை ஆரம்பித்த பிறகு திடீர் திடீரென்று உடம்பு தீயாகக் கொதித்து வியர்த்துக் கொட்டும். விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, “சூளைக்குள்ள வச்ச மாதிரி இருக்குது சார்” என்று புலம்பினார். செல்வி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

“எனக்கு மாதவிலக்கு நின்னு மூணு வருசமா அப்பிடித்தான் இருக்குது. எவனாவது விசிறி போட்டீங்களா?”

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே கடந்திருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் பாக்கி நின்றது. ஆணுக்கு இந்த நோய் வந்தால் அவருடைய ரத்த உறவுப் பெண்களையும் பரிசோதித்துவிட வேண்டும் என்று டாக்டர் ஸ்டெல்லா முதல் நாளே சொல்லியிருந்தார். வைத்திலிங்கத்துக்கு ஒரே அக்கா. அஞ்சலை, மங்களூரில் இருக்கிறார், கரும்பும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம்.

“அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?” என்று ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்பார்.

“சொல்லிடறேங்க.”

கண்ணாடி துடைபடும்.

“இன்னும் சொல்லலீங்க” என்பார் வைத்திலிங்கம். “அக்காவுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். பொம்பளை நோவு வந்தவன்னு சொல்லிடுவாங்க டாக்டர்.”

“அவங்க உங்க அக்கா. அவங்களுக்கும் இருந்தா?”

சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். நாங்கள் அதற்கு மேல் தள்ள முடியாது. வாரம் ஒருமுறை நான் போய் நினைவுபடுத்துவேன். கொசு மருந்து அடிக்கப் போகிற மாதிரி அது ஒரு வேலையாகிவிட்டது.

அக்காவோ வேறு வேலையில் இறங்கியிருந்தார். தம்பியை முட்டிய மாட்டைச் சும்மா விடக் கூடாது என்று பஸ் ஏறி நல்லூர் போயிருக்கிறார். செல்வியின் அண்ணன் சேகரை வாசலில் நிறுத்தி, “எங்கடா அந்த மாடு?” என்று கேட்டிருக்கிறார்.

“எங்க வூட்ல மாடே இல்லீங்க. ரெண்டு ஆடுதான் இருக்குது.”

“வித்துட்டு மறைக்கிறியா?”

அதிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு இல்லை. சேகர் வீட்டுக் காது குத்துக்கு அஞ்சலை போகவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செல்வி எனக்குப் போன் செய்தார்.

“சார், உடனே வூட்டுக்கு வாங்க. நாத்தனாரு எங்க அண்ணனை இழுத்துட்டு வந்திருக்காங்க. மாட்டுக்குப் பஞ்சாயத்து.”

நான் போனபோது அஞ்சலை கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். தம்பியைப் போலவே உயரம். சேகர் சுவரோரம் உட்கார்ந்து, தன்னிடம் இருப்பவை ஆடுகள்தான் என்பதற்கு போனில் போட்டோ காட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அஞ்சலைக்குக் கண் பளிச்சிட்டது.

“வாங்க சார். நீங்க கவருமெண்டு ஆளு, பொய் சொல்ல மாட்டீங்க. ஆரம்பத்துலேருந்து கூட இருந்தவரு. சொல்லுங்க. மாடு முட்டிச்சா, இல்லியா?”

முப்பது வருட உத்தியோகத்தில் எத்தனையோ கேள்விகளைச் சந்தித்திருக்கிறேன். இப்படி ஒரு மாட்டில் மாட்டிக்கொண்டதில்லை. வைத்திலிங்கத்தைப் பார்த்தேன். செல்வி அவரைப் பார்த்தார். ஆடு போட்டோவை நீட்டியபடி சேகரும் பார்த்தார்.

“அதை அவரையே கேளுங்கம்மா” என்றேன்.

வைத்திலிங்கம் எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினார். இடது பக்கம் காம்பே இல்லாமல், குறுக்கே ஒரு நீளத் தழும்பு மட்டும்.

“மாடு இல்லக்கா. கேன்சரு. பொம்பளைங்களுக்கு வருமே, அதே கேன்சரு. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

அஞ்சலை கிட்டே வந்து தழும்பைப் பார்த்தார். பிறகு தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டார்.

“ஆறு மாசமா இந்த மனுசன் வூட்ல நான் தண்ணி குடிக்கலடா! அவனை எத்தினி பேசிட்டேன்!”

“பரவால்லீங்க” என்றார் சேகர், போனை மடியில் வைத்துக்கொண்டு.

செல்வி அழ ஆரம்பித்தார், சிரிக்கவும் ஆரம்பித்தார். நான் சமயம் பார்த்து, டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அக்காவும் ஒருமுறை வந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, வீணாகப் பயப்பட வேண்டாம் என்று.

அஞ்சலை உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு சத்தம் போட்டவர், காதில் விழாத குரலில் சொன்னார்.

“இருக்குது சார். வலது பக்கம். புளியங்கொட்டையாட்டம். பொங்கலுக்கு முன்னாலயே பாத்தேன்.”

“ஏன்க்கா சொல்லல?” என்றார் வைத்திலிங்கம்.

“நீ மாடு முட்டிப் படுத்திருந்த. உன்கிட்ட எப்பிடிடா சொல்றது?”

மறுநாள் டாக்டர் ஸ்டெல்லாவிடம் போனோம். பெரிய ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் அக்காவுக்கும் அதேதான் என்று தெரிந்தது, ஆனால் அக்குளுக்குப் பரவியிருக்கவில்லை. கட்டியை மட்டும் எடுத்தார்கள், கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்தார்கள். இப்போது கரும்பு வெட்டுக்கு ஆள் வராவிட்டால் வரப்பில் நின்று சத்தம் போடுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறார். பரிசோதனைக்கு அக்காவும் தம்பியும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். வழி நெடுக யாருக்கு மருந்து ஜாஸ்தி என்று சண்டை.

வைத்திலிங்கம் வேலைக்குத் திரும்பியதும் ஒரு மதியம் என்னைக் கம்பெனிக்கு வரச் சொன்னார். நான் பஞ்சை வெளியே எடுக்குமுன்பே எழுந்து சட்டையைக் கழற்றிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. மூன்று விரலைச் சேர்த்துக் காட்டி, “கப்பு செக் பண்ற மாதிரிதான்டா. அவசரப்படாம சுத்தி வா” என்றார். வெள்ளை மண் அப்பிய கைகள் ஒவ்வொன்றாகச் சட்டைக்குள் போயின. மொத்தக் கம்பெனியும் கூரையைப் பார்த்தபடி தன் நெஞ்சைத் தானே தடவிக்கொண்டிருந்த அந்தக் காட்சியை வேறு எங்கும் பார்க்க முடியாது. கடைசி வரிசையில் ஒரு கை மட்டும் நின்றது. சூளை அடுக்குகிற முனுசாமி. திரும்பவும் அதே இடத்துக்குப் போனது, திரும்பவும் நின்றது.

அவன் என்னைப் பார்த்தான். எழுந்திருக்க யோசித்தான்.

வைத்திலிங்கம் கூட்டத்தைத் தாண்டி அவனிடம் போய்த் தோளில் கை போட்டார். “வாடா, நானும் வரேன். எனக்கு ஆஸ்பத்திரில எல்லாரையும் தெரியும்” என்றார். மண்ணைக்கூடக் கழுவாமல், இரண்டு பேரும் பைக்கில் ஏறிக் கிளம்பினார்கள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் அவனுக்கு இருந்தது வெறும் கொழுப்புக் கட்டி. அதைச் சொல்ல மாலையில் அவன் போன் செய்தபோது, பின்னால் வைத்திலிங்கம் டீக்கடையில் யாருக்கோ மூன்று விரலை எப்படிச் சேர்ப்பது என்று உரக்க விளக்கிக்கொண்டிருந்தார்.